கோடியில வலை கட்டாதீங்க

ஆரணின்னா எல்லாருக்கும் பட்டு. எங்களுக்கு ஏரியும்தான். மழை பெஞ்சா "ஏரி கோடி போச்சா?"ன்னுதான் முதல் கேள்வி. உபரித் தண்ணி வழியற கலங்கலைத்தான் கோடிங்கிறோம். அதுல வலை கட்டி மீன் பிடிச்சா பெருசுங்க திட்டுவாங்க. ஏன்னு ஒரு அமெரிக்கக் கதை படிச்சப்புறம்தான் புரிஞ்சது.

பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை. பணக்காரங்க கிளப் ஒன்று மீன்பிடிக்க, படகு விட வச்சிருந்தது. கோடீஸ்வரர் கார்னகியும் உறுப்பினர். மீன் தப்பாம இருக்க வழிந்தோடியில் கம்பி வலை. வண்டி போக கரை உயரத்தையும் குறைச்சாங்க. அடிக்குழாய்களை முந்தைய உரிமையாளர் கழட்டி வித்துட்டார், கிளப் திரும்பப் போடலை. 1889 மே 31, பெருமழையில் கரை உடைஞ்சு, கீழே ஜான்ஸ்டவுன் பக்கம் 2,209 பேர் செத்தாங்க. கிளப் மேல போட்ட வழக்கு எதுவும் ஜெயிக்கலை.

நம்ம பக்கம், கரை உடையற ஆபத்துன்னா ஊரே உழைக்கணும்னு 1858லேயே சட்டம் இருந்தது. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டமோ 15 மீட்டருக்கு மேல, சில நிபந்தனைகளோட 10 மீட்டருக்கு மேல உள்ள அணைகளுக்குத்தான். பண்ணை வீடு, ரிசார்ட்டுன்னு கட்டற சின்ன அணைகள் அதுல வராது. மழைக்கு முன்னாடி கரைமேல மரம், எலி வளை, கோடி அடைப்பு எல்லாம் சொந்தக்காரர்தான் பார்க்கணும்.

பெருசுங்க திட்டினது சரிதாங்க!