முள் இறங்கினால் மகிழ வேண்டாம்



பழைய லாரி வாங்கி ஓட்டும் நம் மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் திடீரென்று இறங்கியது. இன்ஜின் குளிர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த கொண்டை ஊசி வளைவிலேயே ஆவி பறந்தது. மீட்டர் பொய் சொல்லுமா?"

நல்ல கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது.

1908-ல் ஃபோர்டு மாடல் டி கார் வந்தது; 1917-ல் அதன் லாரி வடிவமான மாடல் டிடி வந்தது. அந்த லாரியில் தண்ணீரைச் சுழற்ற பம்பு கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்று பள்ளியில் படித்தோமே, அந்த வெப்பச்சலனம்தான் வேலை செய்தது. தண்ணீர் மேல் குழாய் மட்டத்துக்குக் கீழே போனால் சுழற்சி நின்றுவிடும். டேஷ்போர்டில் சூடு காட்டும் மீட்டரும் இல்லை. ஆவி வந்தால்தான் ஓட்டுநருக்குத் தெரியும்.

இதற்கு வழியாக 1912 வாக்கில் அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் வந்தது. ரேடியேட்டர் மூடிமேல் நிற்கும் வெப்பமானி அது, இருக்கையிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அது அளந்தது தண்ணீருக்கு மேலே இருந்த ஆவியின் சூட்டை.

பிறகு மீட்டர் டேஷ்போர்டுக்கு வந்தது. இன்ஜினில் ஈதர் நிரப்பிய சிறு குமிழ்; அதிலிருந்து மெல்லிய குழாய். சூட்டில் அழுத்தம் உயரும். 1849-ல் பிரான்சின் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய் அந்த அழுத்தத்தில் சற்றே நிமிர்ந்து முள்ளை நகர்த்தும். மெல்லிய குழாய் உடைந்தால் மீட்டர் செத்தது. அடுத்து மின்சார மீட்டர் வந்தது. சென்சார் சூடேறினால் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், முள் ஏறும்.

மூன்றுக்கும் பாடம் ஒன்றே. முள் இன்ஜினின் சூட்டைச் சொல்வதில்லை. தன் சென்சாரைத் தொட்டுக்கொண்டிருப்பதன் சூட்டைத்தான் சொல்கிறது. தண்ணீர் வடிந்து சென்சார் வெறும் காற்றில் நின்றால், இன்ஜின் எரிந்தாலும் முள் இறங்கும். எனவே மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பழைய லாரி வைத்திருப்பவர்கள் கவனிக்க:

1. முதலில், இன்ஜின் ஆறியிருக்கும்போது தண்ணீர் மட்டம், ஹோஸ், ஃபேன் பெல்ட் பாருங்கள். மீட்டர் அப்புறம்.

2. சாவியைப் போட்டு சென்சார் ஒயரைக் கழற்றினால் முள் 'கூல்' பக்கம் நிற்க வேண்டும். ஒயரை ஒரு நொடி மட்டும் இன்ஜின் இரும்பில் தொட்டால் 'ஹாட்' பக்கம் ஓட வேண்டும். ஓடினால் மீட்டரும் ஒயரும் நலம், சென்சாரைச் சந்தேகியுங்கள்.

3. டீசல் மீட்டரும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் எர்த், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இரண்டையும் பாருங்கள்.

4. ஏற்றத்தில் முள் திடீரென்று விழுந்தால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிளாக் வெடிக்கும்.

லாரி ஓட்டும் பிள்ளைகள் நம் வீடுகளில் பலர். அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.