பனியன் கம்பெனியில் முதல் நாளா? முதல் பார்வையில் நல்ல பேர் வாங்குவது எப்படி?

அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகும் ரோட்டில் இருக்கிறது சேவூர். நிலக்கடலை ஏலத்துக்கும் வாலீஸ்வரர் கோயிலுக்கும் பேர் போன ஊர். ஆனால் காலை நேரத்தில் ரோட்டோரம் கண்ணில் படுவது பனியன் கம்பெனி வண்டிகள்தான். டிபன் பாக்ஸோடு ஏறுபவர்களில் யாராவது ஒருத்தருக்கு அன்றைக்குத்தான் முதல் நாளாக இருக்கும். புது சூப்பர்வைசர், பக்கத்து மெஷினில் தெரியாத முகம். "நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்களோ?" என்ற படபடப்பு வண்டி ஏறும்போதே தொடங்கிவிடும்.

அந்தப் படபடப்பில் நியாயம் இருக்கிறது.

பத்தில் ஒரு பங்கு நொடி போதும்

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடோரோவ் இருவரும் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத முகங்களின் படத்தை வெறும் 100 மில்லி செகண்ட் மட்டும் காட்டி, "இவர் நம்பகமானவரா? திறமையானவரா?" என்று கேட்டார்கள். நேரக் கணக்கே இல்லாமல் பார்த்தவர்கள் சொன்ன பதிலோடு இவர்கள் பதில் பெரும்பாலும் ஒத்துப்போனது. கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. "நான் நினைச்சது சரிதான்" என்ற நம்பிக்கைதான் கூடியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு சரியானது என்று ஆய்வு சொல்லவில்லை. வேகமாக வருகிறது, சீக்கிரம் கலைவதில்லை, அவ்வளவுதான். முகத்தை மாற்ற முடியாது. அடுத்த சில நிமிடங்களில் என்ன செய்கிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

சீக்கிரம் போங்க, உள்ளதைச் சொல்லுங்க

தையல் லைன் என்பது சங்கிலி மாதிரி. ஒருத்தர் தைத்துத் தள்ளிய பீஸ் அடுத்தவர் மெஷினுக்குப் போகும். நடுவில் ஒரு மெஷின் காலியாக இருந்தால் பின்னால் இருப்பவருக்கும் வேலை தடைபடும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அது நேரடியாகக் கூலிக் குறைவு. அதனால் இங்கே முதல் நாள் லேட்டாக வருபவர் மீது வரும் எரிச்சல் சும்மா வருவதில்லை.

அடுத்தது, வேலை தெரிந்த அளவு. "எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தால் இரண்டு பீஸ் தைப்பதற்குள் குட்டு உடைந்துவிடும். "ஓவர்லாக் ஓட்டுவேனுங்க, பேட்லாக் இனிமேல்தான் கத்துக்கணும்" என்று சொல்பவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. தெரிந்ததை முதலில் சொல்லி, தெரியாததைப் பிறகு சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946-லேயே இதைச் சோதித்தார். ஒரே ஆறு குணங்களை, அறிவாளி, உழைப்பாளி என்று தொடங்கி பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்று முடித்தபோது கேட்டவர்களுக்கு நல்ல எண்ணம் வந்தது. வரிசையைத் திருப்பிப் போட்டதும் அதே ஆள் மோசமாகத் தெரிந்தார்.

'ங்க' போட்டுப் பேசுங்க

கொங்கு வட்டாரத்தில் சின்னப் பிள்ளைகளைக்கூட "வாங்க, உக்காருங்க" என்று கூப்பிடுவது வழக்கம். மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலைக்கு வருபவர் அங்கே சகஜமாகச் சொல்லும் "வாப்பா, போப்பா" இங்கே சிலருக்கு மரியாதைக் குறைவாகக் கேட்கலாம். சொன்னவர் மனதில் அப்படி எதுவும் இருக்காது. ஆனாலும் பழகும்வரை எல்லோரையும் 'நீங்க' என்றே பேசிவிடுவது நல்லது. யாராவது தண்ணி நீட்டினால், தாகம் இல்லாவிட்டாலும் வாங்கி ஒரு வாய் குடித்துவிடுங்கள். வந்தவருக்கு முதலில் தண்ணி கொடுப்பது இந்தப் பக்கத்து மரியாதை.

"எந்த ஊருங்க? யாரு வீட்டுப் பையன்?" இதுவும் வழக்கமாக வரும் கேள்விதான். சொந்தக்காரர், தெரிந்தவர் யாராவது இருப்பார்களா என்று அன்பாகக் கேட்பவர்கள் உண்டு. சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்பவர்களும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஊர் பேரோடு பதிலை நிறுத்திக்கொள்ளலாம். கேட்பவரும் அதோடு விட்டுவிடுவதுதான் மரியாதை.

"பேச்சு 7 சதவீதம்தான்" என்பது உண்மையா?

இன்டர்வியூ பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் கணக்கு இது: பேச்சு 7, குரல் 38, முகபாவம் 55 சதவீதம். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொற்களை வைத்து, சொல்லும் தொனியும் முகமும் முரண்படும்போது பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துக் கணிக்கிறார்கள் என்றுதான் அவர் பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது. கோட் சூட் போட்டுச் சிரித்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வரவேற்பவருக்கும் பொறுப்பு உண்டு

பீகார், ஒடிசாவிலிருந்து வந்து திருப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த முதல் நாள் இன்னும் கஷ்டம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் பேசிப் பார்க்க வேண்டியிருந்தது. ஊரிலிருந்து வீட்டார் பயந்து போய் போன் செய்யும் நிலையில், பக்கத்து மெஷின்காரர் முதல் நாள் எப்படி நடத்துகிறார் என்பது சின்ன விஷயமில்லை. "ஏய் இந்திக்காரா" என்று கூப்பிடாமல் பேரைக் கேட்டு, அந்தப் பேரைச் சரியாகச் சொல்ல மொழி தெரிய வேண்டியதில்லை. டீ டைமில் எங்கே உட்கார்வது என்று கை காட்டினாலே பாதிப் பயம் போய்விடும்.

சொதப்பிட்டோமோ?

சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது பலருக்கும் வரும் நினைப்பு இது. 2018-ல் எரிகா பூத்பி, கஸ் கூனி உள்ளிட்ட ஆய்வாளர்கள், புதிதாகச் சந்தித்துப் பேசியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். "அவருக்கு என்னை எவ்வளவு பிடித்திருக்கும்?" என்று கேட்டபோது, உண்மையில் பிடித்திருந்த அளவைவிடக் குறைவாகவே பலரும் சொன்னார்கள். விடுதியில் ஒன்றாகத் தங்கிய மாணவர்களிடம் இந்தக் குறைவான மதிப்பீடு மாதக்கணக்கில் நீடித்தது. எதிரே இருந்தவருக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது.