பீனிசமும் ஆப்பென்பும்

நோய்க்குப் பெயரிடுதற்கு இரு வழிகள் உள. வெளித்தோன்றும் குணங்களைத் தொகுத்துப் பெயரிடுவது ஒன்று. நோய் உறையும் இடத்தை அறிந்து பெயரிடுவது மற்றொன்று. யாழ்ப்பாணத்துத் தமிழ் மருத்துவம் முன்னைய வழியில் நெடுங்காலம் வளர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுக்கூற்றிலே பின்னைய வழியை எதிர்கொண்டது. அச்சந்திப்பின் இயல்பை அறிதற்கு, மண்டையோட்டின் நடுவே மறைந்து கிடக்கும் சிற்றறை ஒன்று தக்க சான்றாகும்.

மூக்கடைப்பு, நீரோ சீழோ வடிதல், மணம் அறியாமை, தலைக்குத்து ஆகியவற்றைப் பழைய வைத்தியர் பீனிசம் என ஒருங்கே தொகுத்து, வாத பித்த கபங்களை நோக்கியும் வடிவதன் தன்மையை நோக்கியும் வகைப்படுத்தினர். நசியமும் நொச்சியிலை ஆவியும் அதற்கு மருந்தாயின. யாழ்ப்பாண அரசர் காலத்ததாகக் கொள்ளப்படும் பரராசசேகரம் தலைநோய்களைத் தனியே விரித்துரைக்கின்றது. ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை 1928 முதல் அந்நூலைப் பகுதி பகுதியாகப் பதிப்பித்தார். இவ்வகுப்பைக் கற்பனையென ஒதுக்குவோர் உளர், அது பொருந்தாது. உடலைத் திறந்து நோக்காதவிடத்து, கண்டவற்றை ஒழுங்குபடுத்துவதன்றி வைத்தியன் வேறென்ன செய்தல் கூடும்?

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறுவாண்டில் மானிப்பாயில் அமர்ந்து மேனாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். அவர்பாற் பயின்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். மாணவர் தம் நாட்டுடையை விட்டு ஐரோப்பிய உடை பூணுவதை அவர் விரும்பவில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கிறே முதலியோரின் உடற்கூற்று நூல்களைத் தழுவி 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' அவர்தம் பெருமுயற்சிகளுள் ஒன்று. என்பு, நரம்பு, நாடி யாவற்றிற்கும் இடங்குறித்துப் பெயர் சொல்லும் நூல் தமிழுக்கு வாய்த்தது. 'கெமிஸ்தம்' போன்ற அவர்தம் ஆக்கங்கள் இன்று நகைப்பைத் தரலாம். வழக்கில் நிலைபெறாத சொல்லும் ஒரு துறையைத் திறந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

மூக்கின் பின்னே, மண்டையோட்டின் அடித்தளத்தில், ஆப்புப் போன்ற என்பொன்று உண்டு. அதனுள்ளே உள்ள காற்றறையின் மேற்புறத்தில் பிட்யூட்டரிச் சுரப்பியும், மேலும் பக்கத்திலுமாகப் பார்வை நரம்பும், இருமருங்கும் மூளைக்குக் குருதி செலுத்தும் பெருநாடிகளும் அமைந்துள்ளன. இவ்வறை மட்டும் நோயுறின் மூக்கில் எதுவும் வடியாதிருத்தல் கூடும். உச்சியிலோ பிடரியிலோ கண்ணின் பின்னோ வலி தோன்றும். சிலருக்குப் பார்வை மங்கும், பொருள் இரண்டாய்த் தெரியும். பீனிசத்தின் குணங்களைத் தேடும் வைத்தியன் இங்கு ஏமாறுவான். கிறீன் காலத்து மேனாட்டு மருத்துவனும் ஏமாந்தே இருப்பான். இடத்தின் பெயரை அறிந்திருந்தும் உயிரோடிருப்பவரின் அவ்வறையைக் காணும் வழி அவனுக்கில்லை. 1895இல் எக்சுக்கதிர் கண்டறியப்பட்ட பின்னரும் ஏனைய என்புகளின் நிழல் அவ்வறையை மறைத்தது. 1970களில் பரவிய கணினிவழிக் கதிர்ப்படமும், 1980களில் வளர்ந்த மூக்கு உள்நோக்கிச் சத்திரசிகிச்சையுமே அதனைத் தெளிவாகக் காட்டின.

இன்று அவ்வறையின் நோய்கள் காரணம் நோக்கி அழற்சி, பூஞ்சைத் தொற்று, சளிக்கட்டி, புற்று முதலான கட்டிகள், மூளைநீர்க் கசிவு என வகுக்கப்படுகின்றன. வகை மாறின் மருத்துவமும் மாறும். அழற்சிக்கு முதலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. சளிக்கட்டிக்கு அறையைத் திறந்துவிடல். திரண்டு கிடக்கும் பூஞ்சையை அகற்றினாற் பெரும்பாலும் போதும். ஆயின் நீரிழிவுடையாரிடத்துத் திசுவினுள் ஊடுருவும் பூஞ்சையோ உயிர்க்கு இடர். சத்திரமும் மருந்தும் உடனே வேண்டும். பார்வை குன்றின் நாட்கடத்தலாகாது.

கிறீன் 1873இல் தாயகம் மீண்டு 1884இல் மறைந்தார். தமிழில் மேனாட்டு மருத்துவம் பயிற்றும் முயற்சி அவருக்குப் பின் தளர்ந்தது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தோன்றியபோது பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. பின்னர் அதே பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவமும் இடம்பெற்றது. ஒரே ஊரில், ஒரே நோயாளியின் தலைவலியைப் பீனிசம் என்பார் ஒருவர்; ஆப்பென்பறையின் அழற்சி என ஆங்கிலத்திற் குறிப்பார் மற்றவர். அவ்விரு பெயரும் எங்கே ஒன்றுபடும், எங்கே வேறுபடும் என்பதை நோயாளி அறியும் தமிழில் எடுத்துரைக்கும் பணி, மானிப்பாயில் விடப்பட்ட இடத்திலேயே கிடக்கின்றது.