கல்லில் எழுதாத கதைகள்: பண்டித நடேச சாஸ்திரி

பண்டித ச. ம. நடேச சாஸ்திரி 1859ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளிப் பகுதியில் உள்ள மணக்கால் என்னும் ஊரில் பிறந்தார். சங்கேந்தி மகாலிங்கம் என்பதன் சுருக்கமே ச. ம. தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிய இவர், தமிழ்நாட்டு வாய்மொழிக் கதைகளைத் திரட்டி அச்சேற்றிய முன்னோடிகளுள் முதன்மையானவர். கல்வெட்டு ஆய்வாளர், மொழிபெயர்ப்பாளர், நாவலாசிரியர், தமிழின் முதல் துப்பறியும் கதைகளைத் தந்தவர் என்று அவருக்கு வேறு முகங்களும் உண்டு. அவற்றுள் பலவற்றுக்கு வேர் கதைத் தொகுப்பில்தான் இருக்கிறது.

கல்வெட்டுப் பணி

தொல்லியல் துறையில் ராபர்ட் சீவெலின் கீழ்ச் சாஸ்திரி 1881இல் பணியில் சேர்ந்தார். சென்னை மாகாணத்தின் தொல்சின்னங்களுக்குச் சீவெல் பட்டியல் தயாரித்துவந்த காலம் அது. கோயில் சுவர்களில் இருந்த எழுத்துகளைப் படித்துப் பொருள் சொல்ல, தமிழும் சமஸ்கிருதமும் ஒருங்கே அறிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். ஜேம்ஸ் பர்கெஸ்ஸுடன் சேர்ந்து சாஸ்திரி பதிப்பித்த தமிழ், சமஸ்கிருதக் கல்வெட்டுத் தொகுதி 1886இல் வெளிவந்தது. மாகாணத்தின் தென்பகுதியில் கிடைத்த கல்வெட்டுகளோடு கிராமத் தொல்பொருள்கள் பற்றிய குறிப்புகளும் அதில் உண்டு.

கல்வெட்டு அரசனின் தானத்தைச் சொல்லும்; நிலத்தின் எல்லையைச் சொல்லும்; அந்த ஊர்த் திண்ணையில் என்ன கதை சொன்னார்கள் என்பதைச் சொல்லாது. கல்லில் இருந்ததைப் படித்த அதே ஆண்டுகளில், எங்கும் எழுதப்படாமல் வாயில் மட்டும் வாழ்ந்த கதைகளையும் சாஸ்திரி ஏட்டில் ஏற்றத் தொடங்கினார்.

கதை திரட்டிய காலம்

நாட்டார் வழக்காறு என்று இன்று நாம் சொல்லும் துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டப்பட்டது 1846இல். அதற்கென ஒரு கழகம் லண்டனில் 1878இல் உருவானது. இந்தியாவில் மேரி பிரியர் தக்காணத்துக் கதைகளை 1868இல் வெளியிட்டார். சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை 1871இல் வெளியிட்டார். பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகளும் பாதிரியார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஈடுபட்டிருந்த துறை அது. கதை கேட்டு வளர்ந்த மண்ணிலிருந்தே ஒருவர் அதில் இறங்கியது சாஸ்திரியின் தனிச்சிறப்பு. லண்டன் கழகத்தின் உறுப்பினர் என்பதைக் குறிக்கும் எழுத்துகளை அவர் தம் நூல்களில் பெயருக்குப் பின் இட்டுக்கொண்டார்.

பர்கெஸ் தொடங்கி நடத்திய 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அவர் எழுதிய கதைகள், தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகள் என்ற ஆங்கில வரிசையாக 1884 முதல் பகுதி பகுதியாக நூலாயின. 'மதனகாமராஜன் கதை'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886இல் வந்தது. தமிழ் வாசகர்களுக்கென அவர் எழுதிய 'திராவிட பூர்வகாலக் கதைகள்', 'திராவிட மத்தியகாலக் கதைகள்' ஆகிய இரண்டும் அதே ஆண்டைச் சேர்ந்தவை. தெனாலிராமன் கதைகளையும் 1900இல் ஆங்கிலத்தில் தந்தார்.

பத்து வணிகரும் மூன்று திருடரும்

அவர் காத்துத் தந்த கதைகளில் ஒன்று துணி வணிகர்களைப் பற்றியது. பத்து வணிகர்கள் சரக்கு விற்ற பணத்தோடு காட்டு வழியில் திரும்புகிறார்கள். மூன்று திருடர்கள் ஆயுதங்களோடு மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறார்கள். வெற்றிக் களிப்பில், வணிகர்களை ஆடிப் பாடச் சொல்லி வேடிக்கை பார்க்க உட்காருகிறார்கள். வணிகர்களின் தலைவன் பாட்டெடுக்கிறான். துணிக்கடைக்காரர்கள் விலை பேசும்போது தமக்குள் வழங்கும் எண் குறிச்சொற்களைப் பாட்டில் நுழைக்கிறான். நாம் பத்துப் பேர், அவர்கள் மூன்று பேர். ஒருவனை மூவர் வளைத்தால் கைகட்ட ஒருவன் மிஞ்சுவான் என்பது செய்தி. திருடர்களுக்கு அது வெறும் பாட்டு. ஆட்டம் முடிவதற்குள் மூவரும் கட்டுண்டு கிடக்கிறார்கள்.

சந்தையில் வாங்குபவர் காதுக்கு எட்டாமல் விலை சொல்லிக்கொள்ளும் இந்த வழக்கத்தைத் தமிழ் இலக்கணம் குழூஉக்குறி என்று வகுத்திருக்கிறது. இலக்கண நூலில் ஒரு வரியாக நிற்பது, இங்கே பத்துப் பேரின் உடைமையை மீட்கிறது. கதையோடு சேர்த்து ஒரு தொழிலின் பேச்சும் பதிவானது.

காணாமல் போன ஒட்டகம்

அளகாபுரி அரசனுக்கு நான்கு மந்திரிகள் கதை சொல்லும் தமிழ் நூலையும் சாஸ்திரி ஆங்கிலத்தில் பெயர்த்தார். டபிள்யூ. ஏ. கிளவுஸ்டன் தம் கீழைநாட்டுக் கதைத் திரட்டில் 1889இல் அதைச் சேர்த்துக்கொண்டார். இரவுக் காவலில் இருந்த மந்திரி ஒருவன், அரசி படுத்திருந்த இடத்துக்கு வந்த பாம்பைக் கொல்கிறான். அவள் மேல் தெறித்த துளியை அகற்றப்போய் அரசனின் சந்தேகத்துக்கு ஆளாகிறான். அவசரத்தில் தண்டிக்காதே என்று உணர்த்த ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். குழந்தையைக் காத்த கீரியைப் பார்ப்பனி கொன்ற கதை அவற்றுள் ஒன்று. அவளுடைய பழியைக் கோவலன் பொருள் கொடுத்து நீக்கியதாகச் சிலப்பதிகாரம் சொல்வதால், அந்தக் கதையின் பழமை விளங்கும்.

இந்த நால்வர் மந்திரிகளான வரலாறுதான் ஒட்டகக் கதை. ஒட்டகத்தைத் தொலைத்த வணிகனிடம், அதைக் கண்ணால் காணாத நான்கு இளைஞர்கள் அடையாளம் சொல்கிறார்கள்: ஒரு கால் நொண்டி, வலக்கண் குருடு, வால் குட்டை, வயிற்றில் வலி. திருடியவர்கள் இவர்களே என்று அரசனிடம் இழுத்துப் போகிறான் வணிகன். நால்வரும் விளக்குகிறார்கள். தடத்தில் ஒரு காலின் பதிவு குறைபட்டிருந்தது. பாதையின் இடப்புறத் தழை மட்டுமே மேயப்பட்டிருந்தது. கொசு கடித்த இடத்திலிருந்து சொட்டிய இரத்தத் துளிகள், விரட்டப் போதிய வால் இல்லை என்பதைக் காட்டின. முன்கால் அழுந்திப் பின்கால் பட்டும் படாமலும் பதிந்திருந்ததால் வயிற்று வலி தெரிந்தது. அரசன் அவர்களையே மந்திரிகளாக்கிக்கொண்டான். இதே வகைக் கதையைப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 18ஆம் நூற்றாண்டில் தம் 'ஸாதிக்' நூலில், நாயும் குதிரையுமாக மாற்றிக் கையாண்டிருக்கிறார்.

தடயத்திலிருந்து உண்மைக்குப் போகும் இந்த முறையே துப்பறியும் கதையின் அடிப்படை. ஷெர்லக் ஹோம்ஸ் இங்கிலாந்தில் அறிமுகமாகி ஏழு ஆண்டுகளுக்குள், 1894இல், தானவன் என்ற போலீஸ் நிபுணனின் கதைகளைச் சாஸ்திரி தமிழில் வெளியிட்டார். டிக் டோனவன் என்ற ஆங்கிலத் துப்பறிவாளரின் கதைகளைத் தழுவியவை அவை. டோனவனே பெயர் மாறித் தானவனானார். வடிவம் அயல்நாட்டுச் சரக்குதான். ஆனால் காலடி பார்த்து ஒட்டகத்தை அறியும் கதையை மொழிபெயர்த்த கைக்கு அது புதிய வித்தையாக இருந்திருக்காது.

கடல் கடந்த கதைகள்

அடலைன் கிங்ஸ்கோட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தம் வேலையாட்கள் வழியே தென்னிந்தியக் கதைகளைச் சேகரித்தார். கடைத்தெருக் கிழவிகளிடம் கேட்டு அவர்கள் கொண்டுவந்தவற்றில் கலப்படம் மிகுந்திருந்தது. சாஸ்திரி அவற்றைத் திருத்தியதோடு, தாம் திரட்டிய பல கதைகளையும் கொடுத்தார். இருவர் பெயரிலும் 1890இல் லண்டனில் வெளியான அந்நூலின் முன்னுரையில் கிங்ஸ்கோட் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஜோசப் ஜேக்கப்ஸ் 1892இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட இந்தியக் கதைத் தொகுப்பு அந்நூலிலிருந்தும் கதைகளை எடுத்துக்கொண்டது. துணி வணிகர் கதை அதில் இருக்கிறது. கிணற்றில் விழுந்த புலி, பாம்பு, எலி, தட்டான் நால்வரையும் கரையேற்றிய சோதிடர் மகனின் கதையும் இருக்கிறது. விலங்குகள் மூன்றும் நன்றி காட்ட, மனிதன் மட்டும் காட்டிக்கொடுக்கும் கதை அது. ஜேக்கப்ஸின் நூல் இன்றும் மறுபதிப்புக் காண்கிறது. துணி வணிகரின் குறிச்சொல் விளையாட்டு அங்கே ஆங்கிலச் சொல் புதிராக மாறிவிட்டது. காட்டு வழியும் பத்துக்கு மூன்று கணக்கும் மாறவில்லை.

நாவல்களும் முடிவும்

வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்த பிறகு தமிழ் நாவல் மெல்ல வளர்ந்துவந்தது. அந்த வரிசையில் சாஸ்திரியின் 'தீனதயாளு' 1900இல் வந்தது. 'திக்கற்ற இரு குழந்தைகள்' (1902), 'மதிகெட்ட மனைவி' (1903), 'மாமி கொலுவிருக்கை' (1903) ஆகியவை தொடர்ந்தன. நடுத்தரக் குடும்பத்தின் வீடும் உறவுச் சிக்கலும் இவற்றின் களம். இந்துப் பண்டிகைகள், விரதங்கள், சடங்குகள் குறித்த ஆங்கில நூலும் 1903இல் வெளியானது.

1906 ஏப்ரல் 11 அன்று, கோயில் விழாவொன்றில் மிரண்டோடிய குதிரையால் அடிபட்டுச் சாஸ்திரி உயிரிழந்தார். வயது ஐம்பதை எட்டவில்லை. அவருடைய கதைகளின் ஆங்கிலத் தொகுப்பு 1908இல் சென்னையில் வெளிவந்தது.

பதிவின் எல்லை

இன்றைய ஆய்வாளர் ஒருவர் கதை திரட்டினால், சொன்னவர் பெயர், ஊர், வயது, தொழில், நாள் எல்லாவற்றையும் குறிப்பார். பேச்சை அப்படியே எழுதுவார். சாஸ்திரியின் காலத்தில் இம்முறை வழக்கில் இல்லை. அவர் கேட்டதைப் படித்தவர்களுக்கேற்ற நடையில் திருப்பிச் சொன்னார். கேட்பவர் 'ம்' கொட்டுவதும் சொல்பவரின் வட்டார வழக்கும் அந்தப் பக்கங்களில் இல்லை. பெயர் தெரியாத எத்தனையோ பாட்டிகளின் குரல், பண்டிதரின் ஒரே குரலுக்குள் அடங்கிவிட்டது.

அந்தக் குரல்களைத் தேடிப் போகும் வேலை பின்னால் வந்தவர்களுக்கு வாய்த்தது. நா. வானமாமலை 1960களில் உழைக்கும் மக்களின் பாடல்களையும் கதைப்பாடல்களையும் சமூகச் சூழலோடு பதிப்பித்தார். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுக் கதைகளைப் பேச்சு மொழியின் மணம் குறையாமல் தந்தார். அவர்கள் கைக்குக் கதை வந்தபோது ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. 1880களில் ஒரு கதை எந்த உருவில் வழங்கியது, இடையில் எது உதிர்ந்தது, எது ஒட்டிக்கொண்டது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளர்களுக்குச் சாஸ்திரியின் ஏடுகள் அடித்தளமாக நிற்கின்றன.