ஆவாரைக்கு ஆர் தண்ணி ஊத்தினது?

போன வருடம் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு சின்னப் பூந்தோட்டம் போட வெளிக்கிட்டோம். ரோசாவும் வேண்டாம், ஓர்க்கிட்டும் வேண்டாம், இந்த மண்ணிலேயே தானாக முளைக்கிற பூக்கண்டுகளை மட்டும் வைப்பம் என்பது முடிவு. முதல் தெரிவு ஆவாரை. றோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்து நின்ற நாலு கண்டைக் கிண்டி எடுத்து வந்து நட்டோம். காலையும் மாலையும் தண்ணி ஊற்றினோம். இரண்டு கிழமையில் நாலும் பட்டுப்போச்சு.

எங்களில் ஒருவரின் அம்மம்மா வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: “ஆவாரைக்கு ஆர் பிள்ளையள் தண்ணி ஊத்தினது?”

அப்போது சிரித்தோம். பிறகு யோசித்தால் அது நல்லதொரு வரலாற்றுக் கேள்வி. இந்தச் செடியை இதுவரைக்கும் ஆர் வளர்த்தது? ஆர் அதிலிருந்து எடுத்தது? எடுத்தவர்களில் ஆருடைய பெயர் நிலைத்தது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் போன எங்கள் பயணம்.

முதலில் செடியைப் பற்றி. ஆவாரை தென்னிந்தியாவினதும் இலங்கையினதும் வறண்ட நிலத்துக்குச் சொந்தமானது. எங்கள் பக்கத்தில் மன்னாரிலிருந்து புத்தளம் வரைக்கும், தெற்கே அம்பாந்தோட்டையிலும் கல்லும் மணலுமான வெளிகளில் நிற்கும். ஆணிவேர் ஆழமாகப் போகும். அதனால் மேல்மண் காய்ந்த பிறகும் அது பூக்கும். நாங்கள் கிண்டி எடுத்தபோது அறுத்ததே அந்த வேரைத்தான். அதுக்குப் பிறகு எவ்வளவு தண்ணி ஊற்றியும் பிரயோசனம் இல்லை. தண்ணி தேங்கினால் மிச்ச வேரும் அழுகும்.

1753இல் லினேயஸ் இதற்கு ‘காசியா ஓரிக்குலாட்டா’ என்று பெயர் வைத்தார். ஓரிக்குலாட்டா என்றால் காதுள்ளது. இலைக்காம்பு தண்டில் சேருகிற இடத்தில் காதுமடல் மாதிரி இரண்டு சின்ன இலைகள் இருக்கும். தகரை, கொன்றை என்று மஞ்சளாய்ப் பூக்கிற சொந்தக்காரர் பலர் இருப்பதால், ஆவாரையை அடையாளம் பிடிக்க இந்தக் காதைப் பார்த்தால் போதும். பின்னர் இது சென்னா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

தமிழில் இதன் வரலாறு லினேயஸுக்கு ஆயிரத்துக்கும் அதிகமான வருடங்கள் முந்தியது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களில் ஆவிரையும் ஒன்று. சங்கப் பாடல்களில் மடலேறுகிற தலைவன் சூடுகிற பூவும் இதுதான். காதல் கைகூடாதவன் பனைமடலால் குதிரை செய்து, ஆவிரையும் எருக்கும் மாலையாகக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்கத் தெருவில் வருவான். பனை, எருக்கு, ஆவிரை மூன்றும் ஆரும் தண்ணி ஊற்றாமல் நிற்கிறவை. மானத்தை விட்டுத் தெருவுக்கு வந்தவனுக்குத் தோட்டத்துப் பூ பொருந்தாது என்று அந்தக் கவிஞர்கள் நினைத்திருக்கலாம் என்பது எங்கள் வாசிப்பு.

பூவின் கதை அதோடு நிற்கவில்லை. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முதல்நாள் வேப்பிலை, சிறுபீளையோடு ஆவாரம்பூவையும் சேர்த்து வீட்டுக்கும் தொழுவத்துக்கும் காப்புக் கட்டுவார்கள். தெலுங்கானாப் பெண்கள் பதுக்கம்மா விழாவில் பூக்கோபுரம் அடுக்குவது இதே பூவால்தான். அங்கே அதற்குப் பெயர் தங்கேடு. 2014இல் தெலுங்கானா தனி மாநிலமானபோது அதுவே மாநில மலராகியது. ஆவாரை பூத்திருக்கிற ஊரில் ஒருவர் சாகவும் வேணுமோ என்று கேட்கிற பழமொழியும் எங்களிடம் இருக்கு.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பூவின் வரலாறு. பட்டையின் வரலாறு வேறு.

ஆவாரம்பட்டையில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. பச்சைத் தோலை அழுகாத தோலாக மாற்றுவது அதுதான். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் தோல் தொழில் இந்தப் பட்டையை நம்பியே வளர்ந்தது. தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிரை அகற்றி, மிஞ்சிய சதையைச் சுரண்டி, பட்டை ஊறிய தண்ணியில் பல நாள் மாற்றி மாற்றிப் போடவேணும். ஆவாரையால் பதப்படுத்திய தோல் வெளிச்சத்தில் சிவக்கும் என்பதால் கடைசியில் கடுக்காய்த் தண்ணியிலும் போடுவார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், சென்னையின் பெரியமேடு என்று பல இடங்களிலிருந்து அந்தத் தோல் கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போனது. முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினரின் சப்பாத்துகளுக்கு மேல்தோலாக அது பெருமளவில் தேவைப்பட்டது. போர்க்காலத்தில் அரசே அதைக் கொள்முதல் செய்தது. பிரான்சின் சேற்றில் நடந்த சப்பாத்துகளில் எங்கள் றோட்டோரத்துச் செடியின் துவர்ப்பும் இருந்திருக்கு.

இந்தப் பட்டையை உரித்தது ஆர்? தொட்டிக்குள் இறங்கி நின்றது ஆர்? வியாபாரிகளில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். தொட்டியில் வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள். பூவை மாலையாகச் சூடியவனுக்குப் பாட்டு இருக்கு. பட்டைத் தண்ணியில் கை கறுத்தவருக்குப் பாட்டு இல்லை. அவருக்குக் கிடைத்தது தீட்டு. தோலைத் தொட்டவர்களைத் தள்ளி வைத்துக்கொண்டே, தோலால் செய்த செருப்பையும் மேளத்தையும் பாவித்த சமூகம் கடலுக்கு அந்தப் பக்கம் மட்டும் இருந்ததில்லை. எங்கள் ஊர்களிலும் இருந்தது. ‘மரபுச் செடி’ என்று நாங்கள் பெருமையாகச் சொல்லும்போது இந்தப் பாதியை விட்டுவிட்டால் அது அரைகுறை வரலாறு.

ஆவாரைக்குப் போட்டி கடல் கடந்து வந்தது. அவுஸ்திரேலியாவின் வாட்டில் மரம் 1860களில் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டது. அதன் பட்டையில் ஆவாரையை விடத் தனின் அதிகம். தோட்டமாக வளர்க்கலாம், மொத்தமாக ஏற்றலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சென்னைத் தோல்காரர்கள் அதை இறக்குமதி செய்தார்கள். பிறகு இறக்குமதியைக் குறைக்க என்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாட்டில் காடுகளே நடப்பட்டன. இன்று அந்த மரம் மலைப் புல்வெளிகளை விழுங்கி நிற்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற நீலக்குறிஞ்சியின் வீடு அந்தப் புல்வெளிதான்.

இன்னொரு பக்கம் குரோம் உப்பால் பதனிடும் முறை வந்தது. பல நாள் வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்தது. அதன் கழிவு பாலாற்றில் சேர்ந்தது. வேலூர் மக்களின் வழக்கில் 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அளவுக்கு ஆறும் கிணறும் கெட்டது. பட்டையால் பதனிட்ட காலம் பொற்காலம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்தத் தொட்டிகளும் நாறின. அங்கே வேலை செய்தவரின் கையும் வெந்தது. ஆனால் சும்மா கிடைக்கிறது என்பதற்காக ஒரு செடியை மதிக்காமல் விட்டால், அதன் இடத்துக்கு வருவதற்கு நாங்கள் கொடுக்கிற விலை பெரியது.

இலங்கையில் ஆவாரை இன்னொரு வழியில் தப்பியது. சிங்களத்தில் இது ரணவரா. காய்ந்த பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கிற பழக்கம் இன்றும் இருக்கு. கடையில் பைக்கற்றிலும் வாங்கலாம். ஆங்கிலேயர் எழுதிய புத்தகங்களில் இதற்கு ‘மாத்தறைத் தேயிலை’ என்றே ஒரு பெயர். யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தத்துக்கு ஆவாரம்பூ அவித்துக் குடிக்கிறவர்களையும் மாத்தறையில் ரணவரா குடிக்கிறவர்களையும் இந்த ஒரு செடி சேர்க்கிறது. (குடிக்கிறவர்கள் டொக்டர் தந்த குளிசையை நிப்பாட்ட வேண்டாம். பழமொழி மருந்துச் சீட்டு இல்லை.)

சரி, எப்படி வளர்ப்பது? நாங்கள் பிழை விட்டுப் படித்ததைச் சொல்கிறோம்.

கண்டைக் கிண்ட வேண்டாம், விதை எடுங்கள். காய் தட்டையாக, கபில நிறமாகக் காய்ந்ததும் பறிக்கலாம். விதையின் தோல் கடினம். அரத்தாளில் ஒரு பக்கம் மெல்லத் தேய்த்தோ, கொதித்து இறக்கிய தண்ணியை ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டோ போட்டால் முளைக்கும். ஐப்பசி மழை தொடங்கும்போது, நிற்கப்போகிற இடத்திலேயே ஊன்றுவது நல்லது. பையில் போட்டால் வேர் நீள முதல் மாற்றிவிட வேணும். நல்ல வெயில் வேணும். வெள்ளம் நிற்கிற இடமென்றால் மண்ணை மேடாக்குங்கள். முதல் கோடைக்கு மட்டும் கிழமைக்கு ஒருக்கா ஆழமாகத் தண்ணி விடுங்கள். அடுத்த வருடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

இந்தப் பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனித் துளை வழியாகத்தான் வரும். பெரிய கரிய வண்டு வந்து பூவைப் பிடித்து ‘ங்ங்’ என்று அதிர வைத்து உதிர்க்கும். இலையைப் புழு தின்றால் மருந்து அடிக்க வேண்டாம். அது வெளிர்நிற வண்ணத்திப்பூச்சியாகும். காய்த்து முடிந்ததும் கிளையை வெட்டலாம். அடியோடு வெட்டினாலும் வேர் இருந்தால் தளிர்க்கும். பிடுங்கினால்தான் சாகும்.

எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. கிணற்றுத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைதான். அப்படிப்பட்ட ஊரில் ஆவாரையைப் ‘பத்தை’ என்று டோசர் போட்டு வழித்துவிட்டு, அதே இடத்தில் புல்லுத் தரை விரித்து, நாளுக்கு இரண்டு தரம் தண்ணி அடிக்கிறோம். நாங்களும் முதலில் செய்தது கிட்டத்தட்ட அதைத்தான்.

இந்த மழைக்கு விதை போட்டோம். பதினொன்று முளைத்திருக்கு. அம்மம்மா வந்து பார்த்தா, இலைக்காம்பில் காது இருக்கோ என்று குனிந்து தேடினா. “ஓம், இது அதுதான்” என்று சொல்லிப்போட்டு, பக்கத்தில் இருந்த தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு போயிட்டா.