பேரேட்டில் ஏறாத ஆட்டக்காரர்: எல்லையோர லாட்டரியின் வரலாறு குறித்து

பாலக்காட்டு எல்லையில் வாளையார், கோபாலபுரம்; இடுக்கி எல்லையில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. கேரள லாட்டரிச் சீட்டைத் தேடி வரும் தமிழர்களுக்கு இவ்வூர்கள் நன்கு பழக்கமானவை. 1967இல் நிதியமைச்சர் பி. கே. குஞ்ஞு முன்னெடுத்த அத்திட்டத்தின் முதல் சீட்டு 1 ரூபாய். முதற்பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. தமிழ்நாடும் 1968இல் தன் பரிசுச்சீட்டைத் தொடங்கியது. 2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரி விற்பனையைத் தடைசெய்த பின்னரே எல்லைக் கடைகளின் பொருள் மாறியது. தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று திரும்பும் தொழிலாளிக்கு, தன் ஊரில் குற்றமாகிவிட்ட ஒன்று மலைக்கு மேலே அரசின் முத்திரையோடு கிடைத்தது.

இத்தொழிலாளி இருபது ஆண்டுகள் சீட்டு வாங்கியிருந்தாலும் அவர் எந்தப் பேரேட்டிலும் இல்லை. சூதின் வரலாற்றை எழுதுவோர் இதனைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

இதற்கு நேர்மாறானது கேசினோவின் கணக்கு. மின்னணு கிராப்ஸ் பகடை மேசையில் ஆட்டக்காரர் தம் உறுப்பினர் அட்டையைச் செருகியதும் ஒவ்வொரு பந்தயமும் அவர் பெயரில் பதிவாகிறது. பழைய மேசையில் மேற்பார்வையாளர் கண்மதிப்பாகக் குறித்ததை இங்கு எந்திரமே குறிக்கிறது. அவர் உண்மையில் வென்றாரா தோற்றாரா என்பதைவிட, நெடுங்கணக்கில் எவ்வளவு இழக்கக்கூடும் என்பதே சலுகைக்கு அடிப்படை. ‘பாஸ் லைன்’ பந்தயத்தில் விடுதிக்குரிய ஆதாயம் 1.41 விழுக்காடு. 100 ரூபாய் வீதம் மணிக்கு 40 பந்தயம் முடிந்தால், எதிர்பார்க்கப்படும் இழப்பு ஏறத்தாழ 56 ரூபாய். அதில் ஒரு பங்கு உணவாகவோ அறை வாடகைத் தள்ளுபடியாகவோ அவருக்கே திரும்பும். அவரை மீண்டும் வரவழைக்கும் தூண்டில்தான் அது. ஆயினும் இழந்தவர் இன்னார் என்பதை அந்நிறுவனம் அறியும்.

கேரள லாட்டரியும் கணக்கு வைக்கிறது. ஆனால் முகவரைப் பற்றி. எந்த முகவர் எத்தனை சீட்டு எடுத்தார் என்பது மாவட்ட அலுவலகத்தில் பதிவாகிறது. விற்பனைக்குக் கழிவு உண்டு. அவர் விற்ற சீட்டுக்குப் பரிசு விழுந்தால் அதிலும் பங்கு உண்டு. முகவர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நலநிதி அமைந்தது. ஓய்வூதியம், மருத்துவ உதவி, ஓணக்கால உதவித்தொகை அதன் வழி வருகின்றன. நடைபாதையில் சீட்டு விற்கும் மாற்றுத்திறனாளிக்கு இது பெரிய பற்றுக்கோடு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கேசினோ ஆட்டக்காரருக்குத் தரும் சலுகையின் இடத்தில் இங்கு விற்பவரே நிற்கிறார்.

வாங்குபவருக்கும் திரும்பத் தருகிறோம் என்ற வாதம் வலுப்பெற்றது 2011இல், கே. எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது. காருண்யா லாட்டரியின் வருவாய் புற்றுநோய், இதயநோய், சிறுநீரக நோயாளிகளின் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டது. சீட்டு வாங்குவது அறம் போலவே பேசப்பட்டது. அத்திட்டம் கேரள மக்களுக்கானது. போடியிலிருந்து மலையேறி வரும் கூலித்தொழிலாளியின் பணம் அதில் சேரும், அவருடைய நோய் சேராது. தன் குடிகளுக்கே ஒரு மாநிலம் செலவிடுவது இயல்பு என்று மறுமொழி கூறலாம். அவ்வாறாயின், வெளிமாநிலத்தாரிடமிருந்து வந்த தொகை எவ்வளவு என்றாவது கணக்கில் தனியே தெரிய வேண்டும். பெயரற்ற சீட்டு அதற்கு இடம் தருவதில்லை.

பெயர் எழுதப்படுவது வென்ற பிறகுதான். சீட்டின் பின்புறத்தில், கையொப்பத்தோடும் முகவரியோடும். 2023 திருவோணம் பம்பரின் 25 கோடி ரூபாய் வாளையாரில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. 500 ரூபாய்ச் சீட்டு. வென்றவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்த நண்பர்கள் நால்வர். அச்சீட்டு தமிழ்நாட்டுக்குள் கள்ளத்தனமாக விற்கப்பட்டதென உடனே புகார் எழுந்தது. எங்கிருந்து வந்தீர்கள், எவ்வாறு வாங்கினீர்கள் என்ற கேள்விகள் அப்போதுதான் பிறந்தன. பரிசு விழாத சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு அதே சாலையில் ஊர் திரும்பியவர்களிடம் அவற்றை ஒருவரும் கேட்டதில்லை.