குழுவின் தீர்ப்பும் களத்தின் தீர்ப்பும்
ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கல்லூரிகளது பனிக்கட்டி ஹொக்கிச் சுற்றுப்போட்டி - ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டின் வரலாறு வெற்றி தோல்விகளின் பட்டியலே என்று கருதுவோர் பலர். ஆயின் ஒரு சமுதாயம் தன் இளைஞர்களை எவ்வாறு விளையாட வைக்கின்றது, அவர்களுள் தகுதியுடையோரை எவ்வாறு தெரிவு செய்கின்றது, அத்தெரிவைச் செய்யும் உரிமையை யாரிடம் ஒப்படைக்கின்றது ஆகிய வினாக்களை எழுப்பின், அப்பட்டியலின் பின்னே ஆழமானதொரு சமூக வரலாறு மறைந்து கிடப்பதைக் காணலாம். பல்கலைக்கழகங்கள் தமக்கிடையே நடத்தும் போட்டிகளுக்கு இது பெரிதும் பொருந்தும். அறிவைத் தேடுவதற்கென அமைந்த நிறுவனம் ஆடுகளத்தில் இறங்கும்பொழுது, கல்விக்கும் விளையாட்டுக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே வரையப்படல் வேண்டும் என்ற சிக்கலும் அதனுடன் களமிறங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் கல்லூரிகள் 1962ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் பனிக்கட்டி ஹொக்கிச் சுற்றுப்போட்டியின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது வாசகருட் பெரும்பாலோர் இவ்வாட்டத்தை நேரிற் கண்டிரார். ஆதலின் அதன் இயல்பைச் சுருங்கக் கூறுதல் பொருத்தமாகும். உறைந்த பனித்தரையின்மீது, அலகு பூட்டிய காலணிகளுடன் வழுக்கிச் செல்லும் அறுவர் ஓர் அணியில் ஆடுவர். அவர்களுள் ஒருவர் கோல் காப்பாளர். பந்துக்குப் பதிலாகக் கடினமான இறப்பர்த் தட்டொன்று வளைந்த கோல்களால் அடித்துச் செலுத்தப்படும். ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடைபெறும். சுற்றுப்போட்டியிற் சமநிலை ஏற்படின், வெற்றிக் கோல் விழும்வரை 20 நிமிட மேலதிகப் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். இவ்விதி எத்துணைக் கடுமையானது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான பனிக்கட்டி ஹொக்கியின் தொடக்கம் பொதுவாக 1898ஆம் ஆண்டு ஜனவரியில் பொஸ்ரன் நகரில் ஹார்வார்ட், பிறவுண் ஆகிய பல்கலைக்கழகங்கள் மோதிய ஆட்டத்திலிருந்து கணிக்கப்படுகின்றது. அக்காலத்தில் ஆட்டம் இயற்கையின் தயவிலேயே தங்கியிருந்தது. குளம் உறைந்தால் ஆட்டம் உண்டு, உருகினால் இல்லை. செயற்கைப் பனித்தரை கொண்ட அரங்குகள் தோன்றிய பின்னரே ஒழுங்கான பருவகால அட்டவணை இயல்வதாயிற்று. 1910இற் திறக்கப்பட்ட பொஸ்ரன் அரீனா அத்தகைய அரங்குகளுள் ஒன்று. அரை நூற்றாண்டின் பின் நாம் ஆராயும் சுற்றுப்போட்டி அங்கேயே பிறந்தது.

1948ஆம் ஆண்டு தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கொலராடோ மாநிலத்திலே தன் முதலாவது ஹொக்கி வாகையர் போட்டியை நடத்தியது. கிழக்கிலிருந்து இரண்டு அணிகள், மேற்கிலிருந்து இரண்டு அணிகள் என நான்கே அணிகள் அதற்கு அழைக்கப்பட்டன. கிழக்கின் இரு அணிகளையும் ஒரு தெரிவுக்குழு தன் மதிப்பீட்டின்படி தீர்மானித்தது. கிழக்கிலே கல்லூரிகள் பல. அவையெல்லாம் ஒன்றையொன்று எதிர்த்து ஆடியவையுமல்ல. நியூயோர்க் மாநிலத்தின் வடகோடியிலுள்ள சிறிய கல்லூரி ஒன்று பெற்ற வெற்றிகளைப் பொஸ்ரன் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் வெற்றிகளுடன் எந்தத் தராசில் நிறுப்பது? மூடிய அறையில் எடுக்கப்படும் முடிவு எத்துணை நேர்மையானதாயினும், அழைக்கப்படாதவன் உள்ளத்தில் ஐயம் எழுவது இயல்பே.

இந்நிலையில் கிழக்குக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு 1961-62 பருவத்தில் ஹொக்கிக்கெனத் தனிப் பிரிவை வகுத்து, பருவ முடிவில் ஒரு சுற்றுப்போட்டியையும் ஏற்படுத்தியது. 1962இல் பொஸ்ரன் அரீனாவில் நடந்த முதலாவது இறுதியாட்டத்திலே சென் லோறன்ஸ் பல்கலைக்கழகம் கிளார்க்சன் கல்லூரியை வென்றது. இவ்விரண்டும் நியூயோர்க் மாநிலத்தின் வட எல்லையை அண்டிய கன்ரன், பொற்ஸ்டாம் என்னும் அயலூர்களைச் சேர்ந்தவை. பெருநகரப் பல்கலைக்கழகங்களின் கோட்டையிலே இரண்டு கிராமப்புறக் கல்லூரிகள் இறுதிவரை நின்றமை, களத்தின் தீர்ப்பு குழுவின் எதிர்பார்ப்புக்குக் கட்டுப்படாது என்பதை முதலாண்டிலேயே உணர்த்திற்று. அவ்வாண்டின் தேசியப் போட்டிக்கும் இவ்விரு அணிகளே கிழக்கிலிருந்து சென்றன.

எனினும் களத்தில் வென்றால் மட்டும் போதுமா என்ற வினா நான்கே ஆண்டுகளில் எழுந்தது. 1965இல் தேசியச் சங்கம் ஒரு விதியை நிறைவேற்றியது. முதலாண்டிற் குறைந்தது 1.600 என்ற சராசரிப் புள்ளியைப் பெறுவார் என மதிப்பிடப்படும் மாணவரே விளையாட்டு உதவி பெறவும் போட்டிகளிற் பங்குபற்றவும் தகுதியுடையவர் என்பது அவ்விதி. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது கல்விக்கு ஆதரவான விதியாகவே தோன்றும். ஆயின் ஹார்வார்ட், யேல், பிறின்ஸ்ரன், கோர்ணெல் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்களைக் கொண்ட ஐவி குழுமம் இதனை ஏற்க மறுத்தது. அவை விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் வழங்காதவை. அவற்றின் அனுமதித் தராதரமும் அவ்விதி கோரியதினும் மிக உயர்ந்தது. விதியைக் கடைப்பிடிப்பது அவற்றுக்குக் கடினமன்று. ஒரு மாணவனின் கல்வித் தகுதியை நிர்ணயிக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கா, விளையாட்டுச் சங்கத்துக்கா என்பதே அவை எழுப்பிய வினா.

அம்மறுப்பின் விலையை மாணவரே செலுத்தினர். 1966இன் கிழக்கு இறுதியாட்டத்திற் கிளார்க்சனிடம் தோற்ற கோர்ணெல், வழமைப்படி இரண்டாம் அணியாகத் தேசியப் போட்டிக்குச் சென்றிருக்கலாம். ஐவி குழுமத்துக்கு விதிக்கப்பட்ட தடையினால் அவ்விடம் பொஸ்ரன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. கொள்கை ஒன்றின்பொருட்டு ஒரு நிறுவனம் செய்யும் தியாகம், அக்கொள்கையை வகுப்பதில் எப்பங்கும் கொள்ளாத இளைஞனின் தோள்மீது இறங்குவதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. அவ்விதி 1973இற் கைவிடப்பட்டது. பல்கலைக்கழகங்களின் நிலைப்பாடு சரியானது என்று நாம் கொள்ளினும், களம் காணாது போன ஆட்டம் திரும்பி வருவதில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து கோர்ணெல் அணியின் பொற்காலம் தொடங்கிற்று. பயிற்றுநர் நெட் ஹார்க்னஸின் வழிகாட்டலில் அது 1967 முதல் 1970 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கிழக்கு வாகையைச் சூடியது. இவற்றுள் முதல் மூன்று ஆண்டுகளிற் கோல் காப்பாளராக நின்றவர் கென் டிறைடன். அவர் காத்து நின்ற ஆட்டங்களில் 76 வெற்றி; 4 தோல்வி; ஒன்று சமநிலை. பின்னர் தொழில்முறை ஆட்டத்தின் உச்சத்தை எட்டிய இவர் சட்டம் பயின்றார், நூல்கள் எழுதினார், கனடாவின் அமைச்சராகவும் பணியாற்றினார். கல்வியும் விளையாட்டும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியதில்லை என்போர்க்கு இவரது வாழ்வு தக்க சான்றாகும்.

1970ஆம் ஆண்டின் இறுதியாட்டம் இச்சுற்றுப்போட்டியின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. அப்பருவம் முழுவதும் தோல்வியோ சமநிலையோ காணாத கோர்ணெல், பொஸ்ரன் கார்டன் அரங்கிற் கிளார்க்சனை எதிர்கொண்டது. இரு அணிகளும் இவ்விரண்டு கோல்களுடன் நிற்க, ஆட்டம் முடிவதற்கு 14 செக்கன்கள் எஞ்சியிருந்த வேளையில் ஜோன் ஹியூஸ் வெற்றிக் கோலை அடித்தார். தேசிய இறுதியிலும் அதே கிளார்க்சனை வென்று, 29 ஆட்டங்களில் 29 வெற்றிகள் என்ற நிறைவுடன் கோர்ணெல் பருவத்தை முடித்தது. தேசிய வாகையர் எவரும் அதற்கு முன்னோ பின்னோ இத்தகைய குறைவற்ற பருவத்தைக் கண்டதில்லை. அந்த 14 செக்கன்கள் வேறுவிதமாகக் கழிந்திருப்பின் அந்நிறைவும் இல்லை.

1974 முதல் 1977 வரை பொஸ்ரன் பல்கலைக்கழகம் நான்கு வாகைகளை அடுத்தடுத்துப் பெற்றது. அந்நான்கிலும் ஆடியவர் மைக் எருசியோன். 1980 பெப்ரவரி 22ஆம் நாள், லேக் பிளாசிட் ஒலிம்பிக்கிற் சோவியத் அணிக்கு எதிராக 4-3 என்ற வெற்றியைத் தேடித்தந்த கோலை அடித்தவரும் அவரே. பிற்காலத்தில் இச்சுற்றுப்போட்டி அதே அரங்கைத் தன் இல்லமாகக் கொண்டமை வரலாற்றின் பொருத்தமான பின்னல் எனலாம்.

வளர்ச்சியுடன் பிளவும் வந்தது. ஐவி குழுமக் கல்லூரிகள் குறைவான ஆட்டங்களையே ஆட விரும்பின. நியூ இங்கிலாந்தின் ஏனைய பல்கலைக்கழகங்களோ நீண்ட பருவத்தை நாடின. ஐவி கல்லூரிகள் தனியே பிரிந்து செல்லக்கூடும் என்ற பேச்சும் உலவிற்று. ஈற்றிற் பிரிந்தவை மற்றையவை. 1983இல் பொஸ்ரன் பல்கலைக்கழகம், பொஸ்ரன் கல்லூரி, நோர்த்ஈஸ்ரேண், பிறொவிடன்ஸ், நியூ ஹம்ஷயர் ஆகிய ஐந்தும் வெளியேற முடிவு செய்து, 1984-85 பருவத்திலிருந்து ஹொக்கி ஈஸ்ற் என்னும் புதிய கூட்டமைப்பில் ஆடத் தொடங்கின. லோவெல், மெயின் ஆகியனவும் அதிற் சேர்ந்தன. 1985இல் நடந்த அதன் முதலாவது இறுதியாட்டம் இரண்டாம் மேலதிகப் பகுதிவரை நீண்டு, பிறொவிடன்ஸின் வெற்றியுடன் முடிந்தது. கல்விக்கும் விளையாட்டுக்கும் இடையிலான எல்லைக்கோட்டைப் பற்றிய கருத்து வேற்றுமை இவ்வாறு இரு கூட்டமைப்புகளின் எல்லைக்கோடாகவே மாறியது.

பழைய கூட்டமைப்பு அழிந்துவிடவில்லை. 1992 வரை பொஸ்ரன் கார்டனில் நடந்த அதன் இறுதிக் கட்டம் 1993இல் லேக் பிளாசிட்டுக்கு மாறிற்று. பின்னர் ஒல்பனி, அத்லான்ரிக் சிற்றி ஆகிய நகரங்களுக்குச் சென்று 2014இல் லேக் பிளாசிட்டுக்கே மீண்டது. ஐவி குழுமத்தின் ஆறும் ஏனைய ஆறும் சேர்ந்த பன்னிரண்டு கல்லூரிகள் கொண்ட இக்கூட்டமைப்பிற் கடைநிலை அணிக்கும் சுற்றுப்போட்டியில் இடமுண்டு. அதனால் வரும் விளைவுக்கு 2006ஆம் ஆண்டின் யேல் - யூனியன் ஆட்டம் எடுத்துக்காட்டாகும். ஐந்தாம் மேலதிகப் பகுதிவரை நீண்ட அவ்வாட்டம், 141 நிமிடம் 35 செக்கன்கள் ஆடப்பட்ட பின்னர், நள்ளிரவு கடந்து யேலின் வெற்றியுடன் முடிந்தது. 2015இல் மசாசூசெற்ஸ், நொட்றடாம் அணிகள் ஆடிய ஹொக்கி ஈஸ்ற் ஆட்டம் 151 நிமிடம் 42 செக்கன்கள் நீண்டு அதனையும் விஞ்சியது.

தேசியப் போட்டி விரிந்தமையாற் கூட்டமைப்பு வாகையின் பொருளும் மாறியது. நான்கு அணிகள் 1981இல் எட்டாகவும், 1988இற் பன்னிரண்டாகவும், 2003இற் பதினாறாகவும் பெருகின. கூட்டமைப்பு வாகையர்க்கு இடம் உறுதி. ஏனையோர் பருவம் முழுவதன் பெறுபேறுகளைக் கொண்ட கணிப்பினாற் தெரிவு செய்யப்படுவர். 2013இற் கூட்டமைப்பின் இறுதிக் கட்டத்தில் இரு ஆட்டங்களிலும் தோற்ற யேல், இக்கணிப்பினால் நுழைந்து தேசிய வாகையே சூடியது. 2023இல் அரையிறுதியிற் கொல்கேற்றிடம் தோற்ற குவினிப்பியாக்கும் அவ்வாறே. ஆயின் 2014இல் நிகழ்ந்தது வேறு. ஏறத்தாழ 2,200 மாணவரே பயின்ற, விளையாட்டுப் புலமைப்பரிசில் அக்காலத்தில் வழங்காத யூனியன் கல்லூரி, மூன்றாம் முறை தொடர்ந்து கூட்டமைப்பு வாகையைப் பெற்று, தேசிய இறுதியில் மினசோற்றா என்னும் பெரும் பல்கலைக்கழகத்தை 7-4 என வென்றது. 1962இன் சிற்றூர்க் கல்லூரிகள் தொடக்கி வைத்த மரபு அரை நூற்றாண்டின் பின்னும் உயிர்ப்புடன் இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சில், தோல்வியறியாப் பருவத்தின் ஐம்பதாம் ஆண்டில், 23 வெற்றி, 2 தோல்வி, 4 சமநிலையுடன் கோர்ணெல் நாட்டின் முதலணியாக நின்றது. முதற்சுற்று முடிந்து காலிறுதி தொடங்கவிருந்த வேளையிற் கொவிட் தொற்றினாற் சுற்றுப்போட்டி கைவிடப்பட்டது. மறுபருவத்தில் ஐவி கல்லூரிகள் ஆடவேயில்லை. யூனியனும் றென்சிலரும் விலகின. 2021 சுற்றுப்போட்டியிற் சென் லோறன்ஸ், குவினிப்பியாக்கை மேலதிக நேரத்தில் 3-2 என வென்றது. ஆயின் உடனடியாகப் பயிற்றுநருக்குத் தொற்று உறுதியானமையால், அவ்வணி தேசியப் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. தோற்ற குவினிப்பியாக் அதனிடத்திற் சென்றது. 1962இல் முதல் வாகை சூடிய அதே பல்கலைக்கழகம், களத்தில் வென்றும் செல்லவியலாது போயிற்று.

1966இற் கொள்கை தடுத்தது. 2020இலும் 2021இலும் நோய் தடுத்தது. இரு சந்தர்ப்பங்களிலும் பல்கலைக்கழகங்கள் விளையாட்டினும் மேலானதொன்று உண்டு எனக் கூறின, அக்கூற்றிற் பிழையில்லை. ஆயின் மாணவனுக்குக் கல்லூரி வாழ்வு நான்கே ஆண்டுகள். நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு உண்டு. அவனுக்கு அது இல்லாமற் போகலாம். 2024இலும் 2025இலும் கோர்ணெல் வாகை சூடித் தன் மொத்தத்தைப் பதினான்காக உயர்த்தியது. ஆனால் அவ்வெற்றிகள் 2020இன் இறுதியாண்டு மாணவர்க்கு உரியவையல்ல.

குழுவின் தீர்ப்பை ஒதுக்கிக் களத்தின் தீர்ப்பை நிறுவ எழுந்த இச்சுற்றுப்போட்டி, களத்தின் தீர்ப்பும் முற்றிலும் சுதந்திரமானதன்று என்பதைத் தன் வரலாற்றாலேயே மெய்ப்பித்துள்ளது. விதி வகுப்போரும், அட்டவணை தீட்டுவோரும், கதவை மூடுவோரும் களத்துக்கு வெளியேதான் உளர். அவர்கள் எடுக்கும் முடிவு நியாயமானதாயிருத்தல் மட்டும் போதாது. அதன் சுமை யார் தோளில் விழுகின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பனித்தரை காணாத எம் போன்றோர்க்கும் இவ்வரலாறு விட்டுச்செல்லும் சிந்தனை இதுவேயாகும்.